வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த லேப்டாப் - இன்டர்நெட் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-இல் உள்ளபடி தரப்பட்டுள்ளன. விண்டோஸ் 10-இல் சில இடம் மாறியிருக்கும். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபையில் என் போனும் அம்மாவின் போனும் நன்றாக வேலை செய்கின்றன. லேப்டாப்பில் மட்டும் "கனெக்டட், நோ இன்டர்நெட்" என்று வருகிறது. கடையில் காட்டினேன். ஓ.எஸ். போய்விட்டது, ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்றார்கள். கடைசி வருஷ புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. வேறு வழி இருந்தால் சொல்லித் தாருங்கள்.
- கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: ஃபார்மேட் அடிக்கக் கொடுக்காதீர்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே ஃபார்மேட் என்று சொல்வது தவறு. பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும், உங்கள் ஃபைல் ஒன்றும் போகாது.

முதலில் இரண்டு போனிலும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். வைஃபையில் இன்டர்நெட் இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிவிடும். போன் ஓடுகிறதே, லேப்டாப்தான் கெட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். டேட்டாவை அணைத்ததும் போனிலும் நின்றுவிட்டால், பழுது ரூட்டரிலோ லைனிலோ இருக்கிறது. லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

போனில் ஓடுகிறது என்றால், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி பெரும்பாலும் ஆன் ஆகவே இருக்கும். ஷட்டவுன் கொடுத்தால், டிரைவர்கள் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அதே நிலையில் எழுப்பும். சிக்கிக்கொண்ட வைஃபை டிரைவர் சிக்கியபடியே எழுந்துவரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

அப்படியும் வரவில்லையா? விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழே ஐபிவி4 அட்ரஸ், டிஃபால்ட் கேட்வே என்று இரண்டு வரிகளைத் தேடுங்கள். முதலாவது லேப்டாப்பின் எண், இரண்டாவது ரூட்டரின் எண். நோய் எந்தப் பக்கம் என்பது இந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

ஐபிவி4 வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், ரூட்டர் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவில்லை. கிடைக்காததால் விண்டோஸ் தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்து ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்துச் சேருங்கள். வரவில்லை என்றால் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரினியூ. ரூட்டரையும் கரண்டிலிருந்து கழற்றி 30 விநாடி விட்டுப் போடுங்கள். இன்னொன்று கவனியுங்கள்: வைஃபை பக்கத்தில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்ற பொத்தான் ஆன் ஆகி, ரூட்டரில் மேக் ஃபில்டர் (பதிந்துவைத்த கருவிகளை மட்டும் உள்ளே விடும் பட்டியல்) போட்டிருந்தால், ரூட்டருக்கு உங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறையும் அந்நிய ஆளாகத் தெரியும், உள்ளே விடாது. அந்தப் பொத்தானை ஆஃப் செய்யுங்கள்.

192.168 என்று தொடங்கும் ஒழுங்கான எண் இருக்கிறதென்றால், அதே கறுப்புத் திரையில் மூன்று பிங் போடவேண்டும். பிங் என்பது ஓர் இடத்துக்குச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் பிங் என்று அடித்து ஓர் இடம் விட்டு டிஃபால்ட் கேட்வே எண். பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். அடுத்தது பிங் 8.8.8.8, இது வெளியே இருக்கும் கூகுள் சர்வர் ஒன்றின் எண். மூன்றாவது பிங் கூகுள் டாட் காம்.

முதல் பிங்குக்கே ரிப்ளை வரவில்லை என்றால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் கோளாறு. டிரைவர், தொலைவு, அல்லது ஆன்டிவைரஸுடன் வந்த ஃபயர்வால். கேட்வே பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லை, ஆனால் போனில் நன்றாக ஓடுகிறது என்றால், விபிஎன் (இணைப்பை வேறு சர்வர் வழியே திருப்பிவிடும் மென்பொருள்) ஏதாவது போட்டு மறந்தீர்களா என்று பாருங்கள். ரூட்டரின் பேரன்டல் கன்ட்ரோலில் உங்கள் லேப்டாப் அடைபட்டிருக்கவும் கூடும். எண்ணுக்குப் பதில் வருகிறது, கூகுள் பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு, அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை கிடைக்கவில்லை. இது மிகவும் சாதாரணமாக வருவது, சரிசெய்வதும் எளிது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய், டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் பக்கத்தில் எடிட் அழுத்துங்கள். மேனுவல் என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஏற்கெனவே ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் ஆக்கி, ஐபிவி4-இல் 8.8.8.8, இரண்டாவதாக 1.1.1.1 கொடுங்கள். பிறகு ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்.

மூன்று பிங்கும் வருகிறது, பிரவுசர் மட்டும் திறக்க மறுக்கிறதா? லேப்டாப்பில் தேதியைப் பாருங்கள். தேதி 2 வருஷம் பின்னால் நின்றால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, ஏனென்றால் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைக்கும். தேதியைச் சரிசெய்தும் ஒவ்வொரு முறை சார்ஜர் கழற்றி வைத்த பிறகும் பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர் 2032 என்று கேளுங்கள், சில மாடல்களில் வயரும் பிளக்கும் சேர்ந்து வரும். தேதி சரி என்றால் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பக்கத்தில் ப்ராக்ஸியைத் திறந்து, யூஸ் எ ப்ராக்ஸி சர்வர் ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லைகள் இதை ஆன் ஆக்கும். தொல்லையை அழித்த பிறகும் இந்த ஒரு வரி மட்டும் அப்படியே நிற்கும்.

இதிலெல்லாம் தீரவில்லை என்றால், சிஎம்டியை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகத் திறந்து, நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட், அடுத்து நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட் என்று போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் பக்கத்தில் நெட்வொர்க் ரீசெட். இது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் விபிஎன் அமைப்புகளையும் அழிக்கும், உங்கள் ஃபைல்களைத் தொடாது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுப்பது அடுத்த படி. அப்போது கேட்கும் பெட்டியில் டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள். டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டுமே என்றால், போனை யுஎஸ்பி கேபிளால் செருகி யுஎஸ்பி டெதரிங் (போன் டேட்டாவைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் வசதி) போடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்.

கடைக்குப் போகுமுன் கடைசியாக ஒரு சோதனை. 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, ட்ரை உபுண்டு என்ற வழியில் லேப்டாப்பை அதிலிருந்து எழுப்புங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. அங்கே வைஃபை ஓடினால் கார்டு நல்லது, பழுது விண்டோஸில். அங்கேயும் கார்டு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஃபார்மேட் அடித்தாலும் வராது. அதைக் கடைக்காரரிடம் நீங்களே சொல்லலாம்.

கேள்வி: நாகர்கோவில் அலுவலகத்தில் கேபிள் குத்தினால் ஓடுகிற லேப்டாப், வீட்டில் கேபிள் குத்தினால் ஓடவில்லை. கேபிள் நல்ல கேபிள்தான்.
- கணக்காளர், நாகர்கோவில்

பதில்: அலுவலகத்தில் கையால் ஐபி எண் போட்டிருப்பார்கள். வீட்டு ரூட்டருக்கு அந்த எண் ஒத்துவராது. ஈதர்நெட் பக்கத்தில் ஐபி அசைன்மென்ட்டைத் திறந்து, இருக்கும் எண்களை முதலில் போனில் படம் எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். தினமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்றால், பழைய கன்ட்ரோல் பேனலில் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸ் உள்ளே ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன் என்ற தாவல் இருக்கும். அலுவலக எண்களை அங்கே எழுதிவையுங்கள். தானாக முகவரி தரும் ரூட்டர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாத இடத்தில் இந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து 200 மீட்டரில் வீடு. மாடி ரூட்டரிலிருந்து கீழே கடைக்கு கேபிள் இழுத்து லேப்டாப்பில் போட்டிருக்கிறோம். போன வருஷம்தான் புதுக் கேபிள். இப்போது ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது. ரூட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.
- ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், குளச்சல்

பதில்: ஆட்டினால் வருகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே போதும். ரூட்டரை மாற்றவேண்டாம், கேபிளின் நுனியைப் பாருங்கள்.

கேபிளைக் கழற்றி பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே 8 பின்கள் வரிசையாக இருக்கும், தங்க நிறத்தில் மின்னவேண்டும். உப்புக்காற்று பட்ட பிளக்கில் ஓரிரண்டு பின் மங்கி, அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. செருகிச் செருகி அது தேய்ந்ததும் அடியிலிருக்கும் செம்பு கலந்த உலோகத்தை உப்பும் ஈரமும் தின்னத் தொடங்குகின்றன. லேப்டாப்பின் போர்ட்டுக்குள்ளும் அதே டார்ச்சை அடித்துப் பாருங்கள். அங்கே பின்கள் கம்பி போல வளைந்து வரிசையாக நிற்கும். ஒன்று மட்டும் உள்ளே அமுங்கி மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அதுவும் இதே கோளாறைத் தரும்.

பிளக்கைச் சுத்தம் செய்து பயனில்லை, வெட்டிப் புதிதாகப் போடுங்கள். ஆனால் அதற்குமுன் ஒன்று செய்யவேண்டும். வெட்டிய நுனியில் ஒரு வயரின் தோலை உரித்து, பிளேடால் செம்பை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் அது முழுச் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். சிசிஏ என்று விற்பார்கள், விலை குறைவு, கையில் தூக்கினால் கனமும் குறைவு. இரண்டு உலோகம் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கும். கடற்கரையில் அந்தக் கேபிளுக்கு எத்தனை முறை புதுப் பிளக் போட்டாலும் திரும்பத் திரும்ப இதே வேலைதான். குளச்சலிலும் முட்டத்திலும் மணக்குடியிலும் கேபிள் வாங்குகிறவர்கள் முழுச் செம்பு என்று கேட்டு, கடையிலேயே ஒரு நுனியைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். வெளியில் ஓடும் பகுதிக்குக் கறுப்பு பாலிஎத்திலின் உறை போட்ட அவுட்டோர் கேபிள். வீட்டுக்குள் போடும் சாம்பல் கேபிள் வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே ஓடி பிளக் வரைக்கும் வந்து சேரும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையம் கீழே தொங்கவிடுங்கள். மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

பிளக் போடும்போது நிற வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. கிளிப் கீழே, பின் மேலே, வயர் நுழையும் வாய் உங்களைப் பார்த்து இருந்தால் இடது ஓரம் 1. இரண்டு நுனியிலும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை பிளக்கின் உள்ளே போய்க் கடிபடவேண்டும், இல்லாவிட்டால் இழுப்பு முழுவதும் மெல்லிய வயர்களில் விழும். 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயர் சரியாக இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடும். 1000-க்கு எட்டு வயரும் வேண்டும். ஆயிரத்தில் ஓடியது திடீரென்று நூறுக்கு இறங்கினால் நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒன்று போயிருக்கிறது.

லேப்டாப் போர்ட்டை, சார்ஜரைக் கழற்றி ஆஃப் செய்த நிலையில், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் பின் ஓடும் திசையிலேயே தேயுங்கள். 15 நிமிடம் காயவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் உப்புத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயன்படாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

கேள்வி: புது ரூட்டர் மாட்டிய பிறகு, பழைய அரசு லேப்டாப்பில் எங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது. போனில் எங்களுடையதும் தெரிகிறது.
- ஆசிரியை, தக்கலை

பதில்: பக்கத்து வீட்டுப் பெயர் தெரிவதால் கார்டு நல்லது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் பழைய லேப்டாப்புகளுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. சிஎம்டியில் நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ் என்று அடியுங்கள். ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட் என்ற வரியில் 802.11ஏ அல்லது 802.11ஏசி இருந்தால் கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தெரியும். பி, ஜி, என் மட்டும் என்றால் பெரும்பாலும் 2.4 மட்டும்தான், ரூட்டர் 5-இல் மட்டும் ஓடினால் பெயர் தெரியாது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்குப் போனிலிருந்து போய், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன் ஆக இருக்கிறதா பாருங்கள். அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள், சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வையுங்கள். 12, 13 சேனல்களைச் சில பழைய கார்டுகள் பார்க்காது.

ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய லேப்டாப் உள்ளே வராது, டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு என்று மாற்றுங்கள். வைஃபை 6 ரூட்டர் என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. இன்டெல்லின் சில பழைய கார்டுகள் பழைய டிரைவரோடு வைஃபை 6 பெயரையே பட்டியலில் காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். அதுவரைக்கும் ரூட்டரில் 2.4-க்கு 802.11ஏஎக்ஸை, அதாவது வைஃபை 6-ஐ, ஆஃப் செய்யலாம்.

தக்கலை, பத்மநாபபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர் உண்டு. அப்படிப்பட்ட சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள், 2.4-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினால், அதை நீலநிற யுஎஸ்பி 3 போர்ட்டில் போடுவதைவிடச் சாதாரண யுஎஸ்பி 2 போர்ட்டில் போடுங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமாக இரைச்சல் கசியும்.

கேள்வி: ஆடிக் காற்று தொடங்கினால் எங்களுக்கு இன்டர்நெட் விட்டு விட்டுத்தான் வரும். லேப்டாப், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: எல்லாம் ஒன்றாக நின்றால் லேப்டாப்புக்கு வேலை இல்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு நிற்கும் நேரத்தில் சிவப்பாகச் சிமிட்டுகிறதா, பான் விளக்கு பச்சையில் நிலைக்காமல் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒளி வந்து சேரவில்லை. கணவாய்க் காற்றில் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கேபிள் ஊசலாடி, கொக்கியிலோ ஜன்னல் விளிம்பிலோ மடிந்து மடிந்து உள்ளே கண்ணாடி இழை நோகும். இழை அறாமலே, மடிகிற நேரத்தில் மட்டும் ஒளி வெளியே கசியும். அதனால்தான் விட்டு விட்டு வருகிறது. வீட்டுக்குள் 3 சென்டிமீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக எங்கும் மடக்கவேண்டாம். லைன்மேன் வரும்போது பெட்டியில் வந்து சேரும் ஒளியின் அளவைக் கேளுங்கள். வீட்டு ஜிபான் இணைப்பில் -8 முதல் -27 டிபிஎம் வரைக்கும் வேலை செய்யும், கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. -26, -27 என்று விளிம்பில் நின்றால் அடுத்த காற்றுக்குப் போய்விடும். -20 பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். காற்றில்லாத நேரத்தில் அளந்தால் எண் நன்றாகத்தான் இருக்கும், கேபிளைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே அளக்கச் சொல்லவேண்டும்.

கேள்வி: கன்னியாகுமரி லாட்ஜில் வைஃபை கிடைக்கிறது, ஆனால் ரூம் எண் கேட்கும் பக்கம் லேப்டாப்பில் வரவே மாட்டேன் என்கிறது.
- பயண முகவர், கொட்டாரம்

பதில்: விபிஎன்னை அணையுங்கள். கையால் போட்ட டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பல லாட்ஜ் ரூட்டர்கள் உங்களைத் தம் பக்கத்துக்குத் திருப்புவது டிஎன்எஸ் வழியாகத்தான். பிறகு பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் திறங்கள். பூட்டு இல்லாத சாதாரணத் தளம் என்பதால் ரூட்டரால் இடைமறிக்க முடியும். பூட்டுள்ள தளத்தைத் திறந்தால் பிரவுசர் திருப்பலை அனுமதிக்காது, வெறும் எச்சரிக்கைதான் வரும். அதுவும் வராவிட்டால் டிஃபால்ட் கேட்வே எண்ணையே முகவரிப் பட்டையில் அடியுங்கள்.

கேள்வி: ரப்பர் விளைக்கு நடுவே வீடு. சித்திரை இடிமழையில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. ரூட்டரில் விளக்கு எரிகிறது. கேபிளில் இருந்த லேப்டாப்பில் இப்போது கேபிளும் இல்லை, வைஃபையும் இல்லை. லேப்டாப்பே மாற்றவேண்டுமா?
- வாசகி, அருமனை

பதில்: லேப்டாப் ஆன் ஆகி ஓடுகிறது என்றால் மாற்றவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சார்ஜரைக் கழற்றி, ஷட்டவுன் செய்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எழுப்புங்கள். அதிர்ச்சியில் மாட்டிக்கொண்ட சிப் சிலநேரம் இதிலேயே திரும்பும். பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ். ஈதர்நெட் வரியே காணவில்லை, அல்லது கோட் 10, கோட் 43 என்று மஞ்சள் முக்கோணம் நின்றால் அந்தச் சிப் போய்விட்டது. லேன் போர்ட்டின் பின்னால் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் தனிமைப்படுத்தலுக்கு வடிவமைக்கப்பட்டது. அருகில் விழும் இடி நீளமான கேபிளில் தூண்டும் அழுத்தம் அதையும் தாண்டிவிடும். மதர்போர்டைக் கைவைக்காமல் யுஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வைஃபை கார்டு பெரும்பாலான லேப்டாப்பில் தனி அட்டை. அடி மூடியைத் திறந்தால் 22-க்கு 30 மில்லிமீட்டர் அளவில், இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர் பொருத்தப்பட்டு, ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். எம்.2 2230 என்று கேளுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்றவை பிசிஐஇ வகை, ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1-இல் முடிபவை இன்டெல்லின் சிஎன்விஐ வகை. அதற்கான இன்டெல் போர்டில் மட்டுமே வேலை செய்யும், மற்றதில் செருகலாம், தெரியாது. இந்த ஒரு இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஆன்டெனா வயரின் தலையை நேராக மேலே தூக்கிக் கழற்றி, நேராகவே அழுத்திப் போடவேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் தலை பிய்ந்துவிடும். கார்டு போர்டோடு ஒட்டியே வரும் மெல்லிய மாடல் என்றால் யுஎஸ்பி டாங்கிள்தான் வழி.

இனி இதைக் கவனமாகச் செய்யுங்கள்: மேகம் கறுத்ததுமே லேப்டாப்பின் சார்ஜரையும் லேன் கேபிளையும் ரூட்டர் அடாப்டரையும் கழற்றி வையுங்கள். இடி தலைக்கு மேல் முழங்கும்போது வயரைத் தொடக் கூடாது, அது உங்கள் உயிருக்கு ஆபத்து. ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பது சரி. ஆனால் கம்பத்திலிருந்து வரும் தட்டைக் கேபிளில் தாங்கலுக்காக எஃகுக் கம்பி ஒன்று இருக்கும், அதைப் பெட்டி வரைக்கும் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்பைக் கார்டு வாங்கினால், உங்கள் வீட்டில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துகொள்ளுங்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் ஸ்பைக் கார்டின் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். அதனால்தான் இன்டர்நெட் நின்றதா?
- வாசகர், குழித்துறை

பதில்: இல்லை. 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புதான் நின்றது. அதனால் இணைப்பு அறாது, முதல் கேள்வியின் வரிசைப்படி பாருங்கள். விண்டோஸ் 7 வேறு விஷயம்: குரோம் அதற்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, பல தளங்கள் திறக்காமல் போவது இயல்பு.

கேள்வி: வீட்டில் லைன் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். சில நாள் லேப்டாப்புக்குப் போனே தெரிவதில்லை. தெரிந்தால் 2 ஜிபி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.
- போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், களியக்காவிளை

பதில்: தெரியாததற்குக் காரணம் போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போடுவது. ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்டை 2.4 ஆக்குங்கள், ஐபோனில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிளிட்டி ஆன் செய்யுங்கள். லேப்டாப் சேர்ந்த பிறகும் எதுவும் திறக்கவில்லை, போனின் மேலே சிக்னல் பக்கத்தில் ஆர் என்ற எழுத்து நிற்கிறது என்றால், போன் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது. டேட்டா ரோமிங் ஆஃப் ஆக இருந்தால் டேட்டா வராது, ஆன் செய்யுங்கள்.

டேட்டா தீர்வதற்குக் காரணம் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும். லேப்டாப் அந்த ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது அதன் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து மீட்டர்ட் கனெக்‌ஷனை ஆன் ஆக்குங்கள். பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் இதைத் திரும்பச் செய்யவேண்டும், ஏனென்றால் விண்டோஸ் ஒவ்வொரு பெயருக்கும் தனியாகத்தான் இதை நினைவு வைக்கும். மாதத்தில் ஒருநாள் நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ நல்ல வைஃபை கிடைக்கும்போது அப்டேட்டை ஓடவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி டெதரிங் நிலையாக நிற்கும், போனும் சார்ஜ் ஏறும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இல்லாமல் டேட்டா கேபிளாக இருக்கவேண்டும். செருகியதும் ஃபைல் டிரான்ஸ்ஃபர் வேண்டுமா என்று போன் கேட்டால் அது டேட்டா கேபிள்.